புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள்

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். நிறைய வாசிக்கிறேன், முக்கியமான வரிகளை மார்க்கரால் கோடு போட்டுத்தான் படிக்கிறேன். ஒரு வாரம் கழித்து யாராவது கேட்டால் புத்தகத்தின் பெயரைத் தவிர எதுவும் வாயில் வருவதில்லை. எழுத உட்கார்ந்தாலோ, கடைசியாகப் படித்த எழுத்தாளரின் நடை அப்படியே வந்துவிடுகிறது. வாசிப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: குறைக்கவே வேண்டாம். நீங்கள் இரண்டு சிக்கல்களைச் சொல்கிறீர்கள். எனக்கு அது ஒன்றாகத்தான் தெரிகிறது. புத்தகம் திறந்திருக்கும்வரை வேலை முழுவதையும் அதை எழுதியவரே செய்துகொண்டிருக்கிறார். படித்தது மனதில் நிற்பதும் சொந்த நடை உருவாவதும் புத்தகத்தை மூடிய பிறகு தொடங்கும் வேலைகள். நீங்கள் இன்னும் அங்கே போகவில்லை.

முதலில் மறதி. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்குச் சிறு பத்திகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு முறை ஒரு பத்தியைத் திரும்பவும் படிக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை தாளைப் பார்க்காமல் நினைவுக்கு வந்ததை எழுதச் சொன்னார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பப் படித்ததில் 81 சதவீதமும் எழுதிப் பார்த்ததில் 75 சதவீதமும் நினைவில் இருந்தன. ஒரு வாரம் கழித்து எல்லாம் தலைகீழ்: திரும்பப் படித்ததில் 42, எழுதிப் பார்த்ததில் 56. உங்களை ஏமாற்றுவது அந்த முதல் 5 நிமிடம்தான். கோடு போட்ட வரியை மறுபடி பார்க்கும்போது பழகிய முகம்போல இருக்கிறது, தெரிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். முகம் தெரிவது வேறு, பெயர் சொல்லிக் கூப்பிடுவது வேறு.

நம் நன்னூல் மாணவனின் கடமைகளில் ‘கேட்டவை நினைத்தல்’ என்று ஒன்றைச் சொல்கிறது. கூடவே ‘வினாதல்’, ‘வினாயவை விடுத்தல்’, அதாவது கேள்வி கேட்பதும் கேட்டதற்கு விடை சொல்வதும். ஆய்வுக்கூடம் சொன்னதும் கிட்டத்தட்ட இதையேதான். எனக்கு இது ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது.

சரி, எப்படிச் செய்வது? ஓர் அத்தியாயம் முடிந்ததும் மூடிவையுங்கள். ஒரு தாளில் நான்கைந்து வரி, உங்கள் பேச்சில் எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். இரண்டு நாள் கழித்து அந்தத் தாளையும் பார்க்காமல் இன்னொரு தடவை. முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும், பாதிக்கு மேல் வராது. திணறித் தேடி எடுப்பதுதான் பயிற்சி, அதனால் உடனே புத்தகத்தைத் திறந்துவிடாதீர்கள். எல்லாப் புத்தகத்துக்கும் இப்படிச் செய்ய வேண்டியதில்லை. கதையைக் கதையாகவே படியுங்கள்.

இனி நடை. படித்தவரின் சாயல் விழுவது குற்றம் இல்லை, உங்களுக்கு நல்ல காது இருக்கிறது என்று அர்த்தம். உண்மையில் அதைவிட நான் அதிகம் பயப்படுவது யாருடைய சாயலும் இல்லாத நடைக்குத்தான். மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி பார்க்கும் மாதிரியான ஒரு வாக்கியம்: “மழையின் காரணமாக மாணவர்களின் வருகையில் குறைவு ஏற்பட்டது.” இதை யார் பேசுகிறார்கள்? ‘ஏற்பட்டது’, ‘மேற்கொள்ளப்பட்டது’, ‘காணப்படுகிறது’ என்று வரும் இடங்களில் வினைச்சொல் பெயராகி உறைந்துபோகிறது, ஆள் காணாமல் போகிறார். “மழை பெய்ததால் மாணவர்கள் குறைவாக வந்தார்கள்” என்றால் வாக்கியத்துக்கு மூச்சு வந்துவிடும். அப்புறம் அன்று நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்: “அன்று விடாத மழை. வகுப்பில் ஏழு பேர். எட்டாவது ஆள் வாசலில் நின்று சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான்.” சட்டையைப் பிழிந்தவனைப் பார்த்தது நீங்கள் மட்டுமே. நடை அங்கிருந்துதான் வரும், அலங்காரச் சொற்களிலிருந்து வராது.

அமெரிக்க எழுத்தாளரும் அரசியல் தலைவருமான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இளம் வயதில் எழுதப் பழகிய முறை உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். பிடித்த கட்டுரையின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிறு குறிப்பு மட்டும் எடுத்துக்கொள்வார். சில நாள் அப்படியே போட்டுவைப்பார். பிறகு மூலத்தைப் பார்க்காமல் குறிப்பிலிருந்து முழுக் கட்டுரையையும் எழுதி, ஒப்பிட்டு, தன் தவறுகளைத் திருத்துவார். அந்தச் சில நாள் இடைவெளியைத் தவறவிடாதீர்கள். அதற்குள் அந்த எழுத்தாளரின் சொற்கள் மங்கிவிடும், கருத்து மட்டும் நிற்கும். அதைச் சொல்ல உங்கள் சொற்களைத் தவிர வேறு வழி இருக்காது. ஒப்பிடும்போது, அவரிடமிருந்து வேறுபட்ட எல்லா இடத்தையும் தவறு என்று அடித்துவிட வேண்டாம். சில இடங்களில் உங்கள் வாக்கியமே நன்றாக இருக்கும். அவற்றைக் கோடிட்டு வையுங்கள், மார்க்கருக்கு அதுதான் சரியான வேலை.

எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் வாக்கியத்தை ஒரு நண்பரிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படி மாற்றுங்கள். உங்களுக்குப் பிடித்த அந்த எழுத்தாளரை விட்டுவிட வேண்டியதில்லை. அவரைப் படித்த கையோடு எழுத உட்காராதீர்கள், அவ்வளவுதான். இரவில் அவரைப் படியுங்கள், காலையில் எழுதுங்கள்.