ரீச்சரிடம் கேளுங்கள்: "அம்மா, இப்ப என்ன செய்யிறது?"

கேள்வி: ரீச்சர், மகனுக்கு ஏழு வயது, தரம் 2. மகளுக்கு நாலு. நான் வீட்டிலிருந்து தைக்கிறேன். லீவு விட்டால் மகன் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, அலுப்பாக் கிடக்கு, இப்ப என்ன செய்யிறது?" என்று நச்சரிப்பான். கடைசியில் போனைக் கொடுத்துவிடுகிறேன். நேரசூசி போட்டு விளையாட்டுகள் சொல்லிக் கொடுக்கட்டா? மாமி, "சும்மா மண்ணுக்குள்ள விடாமல் ரியூசனுக்கு அனுப்பு" என்கிறா.
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: மகள், நேரசூசி வேண்டாம். பள்ளிக்கூட நாளில் விடிந்ததிலிருந்து அவன் பிறர் சொன்னபடிதான் நடக்கிறான். லீவிலும் நீங்களே வகுத்துக் கொடுத்தால், அடுத்தது என்ன என்று உங்களைக் கேட்கத்தான் பழகுவான்.

அலுப்பு என்று வந்தால், "சரி ராசா, நான் இந்தச் சட்டையை முடிக்கவேணும்" என்று சொல்லிவிட்டுத் தையலைப் பாருங்கள். யோசனை ஒன்றும் சொல்ல வேண்டாம். சிணுங்குவான், தங்கச்சியைச் சீண்டுவான். போனுக்குப் பழகின பிள்ளைக்கு முதல் சில நாள் இது கடுமையாகவே இருக்கும். தாய்மார் மனமிளகிப் போனை நீட்டுவது இந்த இடத்தில்தான். பொறுத்திருங்கள். கை எதையாவது எடுக்கும்.

எடுப்பதற்கு ஏதாவது கிடக்க வேண்டும், அது உங்கள் பொறுப்பு. வளவின் கோடியில் நிழலான இடமாகப் பார்த்து சிரட்டை, பனங்கொட்டை ஊமல், பன்னாடை, பூவரசம் இலை, உடைந்த வாளி, ஒரு குவியல் மண், கொஞ்சத் தண்ணீர் வையுங்கள். உங்கள் வெட்டுத்துணியும் நூல் முடிந்த கட்டைகளும் அருமையான சாமான்கள். பொருட்களின் வகை கூடக்கூடப் பிள்ளையின் கண்டுபிடிப்பும் கூடும் என்று சைமன் நிக்கல்சன் என்பவர் 1971 இல் எழுதினார். கடையில் வாங்கின கார் எப்போதும் கார்தான். ஊமலோ காலையில் மாடு, பின்னேரம் கடைக்காரரின் காசு.

முன்பள்ளியில் ஒரு பெடியன் மண்குவியலடியில் நின்று மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பான். "போய்ச் சேர்ந்து விளையாடு" என்று தள்ள வேண்டாம் என்று நான் மறித்துவிட்டேன். ஒருநாள் கேளாமலே தண்ணீர் அள்ளி வந்து கொடுத்தான், பிறகு அவர்கள் மண்ணில் கட்டின குளத்துக்கு அவன்தான் பொறுப்பு. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932 இலேயே, பிள்ளைகள் ஒருவரோடொருவர் சேருகிற படிகளில் ஒன்றாக இந்தப் பார்த்துக்கொண்டு நிற்பதையும் எழுதியிருக்கிறார். ஆகவே மகன் வேப்பமரத்தடியில் வெறுமனே குந்தியிருந்தால் கூப்பிடாதீர்கள்.

விளையாட்டு தொடங்கினால் உள்ளே போகாதீர்கள். "இப்படிக் கட்டினால் வடிவு" என்று நீங்கள் சொன்ன கணமே அது உங்கள் வேலையாகிவிடும். மண்சோறு தந்தால் மட்டும் ருசித்துச் சாப்பிடுங்கள். அண்ணனும் தங்கச்சியும் சண்டை பிடித்தால், கல்லோ தடியோ ஓங்கும்வரை அவர்களே தீர்க்கட்டும்.

கிணற்று விஷயத்தில் நான் துளியும் இளக மாட்டேன். கட்டுக் கிணறானாலும் மேலே கம்பி வலை போட்டே ஆகவேண்டும். ஏறி நிற்கக்கூடிய எதுவும் கட்டோடு இருக்கக் கூடாது. நாலு வயதுப் பிள்ளை வெளியில் நிற்கும்போது மெஷினை விறாந்தைக்கு இழுத்துப் போட்டு, கண்ணுக்கெட்டத் தையுங்கள். விளையாடி முடிய சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கப் பழக்குங்கள், மாரியில் டெங்கு நுளம்புக்கு அதில் தேங்குகிற தண்ணீரே போதும்.

மாமிக்குச் சொல்லுங்கள்: புலமைப்பரிசில் பரீட்சை தரம் 5 இல்தான். ஊமலை எண்ணிக் கடை நடத்துகிறவன் கணக்கை விட்டுவிடவில்லை. மகளைப் பற்றியும் ஒன்று. 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும், திரைக்கு முன் 1 மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொல்லியிருக்கிறது.

முந்தி வேலிப் பொட்டுக்குள்ளால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தாங்களாகவே வந்து சேர்வார்கள். இப்போது எங்கும் மதில். அதனால் பக்கத்து வீட்டுத் தாயோடு கதைத்து, நாலு மணிக்கு இரண்டு கேற்றையும் திறந்து விடுங்கள். கிளித்தட்டோ கள்ளன் பொலிசோ, அதை அவர்கள் முடிவெடுக்கட்டும்.