நள்ளிரவிலும் எழுப்பும் பசி

கேள்வி: நான் ஒரு திருநம்பி; பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு, ஆணாக வாழ்பவன். நான்கு மாதங்களாக டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறேன். எடை ஆறு கிலோ கூடிவிட்டது. நள்ளிரவில்கூடப் பசித்து எழுகிறேன். மருந்தின் அளவை நானே குறைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அளவை மாற்றுவது உங்கள் மருத்துவர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. தொடக்க மாதங்களில் பசி கூடுவது பலருக்கும் நேர்வதே. அதை உங்கள் மனஉறுதியின் குறையாக எண்ணி வருந்தாதீர்கள். இந்த ஹார்மோன் தசையை வளர்க்கிறது, உடலில் சிறிது நீரைத் தங்கவைக்கிறது, இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பை மெல்ல வயிற்றுப் பக்கம் நகர்த்துகிறது என்பதால், எடைக்கருவி காட்டும் ஆறு கிலோவும் கொழுப்பாகவே இருக்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை நாடாவால் வயிற்றைச் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். அது எடையைவிட உண்மையைச் சொல்லும்.

பட்டினி கிடந்து எடையைக் குறைக்க முயன்றால், வளர வேண்டிய தசையும் கரையும், இரவுப் பசியும் மூர்க்கமாகும். ஒவ்வொரு வேளையும் புரதமும் நார்ச்சத்தும் போதிய அளவு இருக்கட்டும். வாரம் இரண்டு மூன்று நாள் பளு தூக்கும் பயிற்சி செய்யுங்கள். ஊசி போட்ட அடுத்த சில நாட்களில் பசி உச்சத்தில் இருப்பதாகச் சிலர் சொல்வதுண்டு. உங்களுக்கும் அப்படியா என்று குறித்துவைத்தால் மருத்துவருக்கு உதவும்.

முதல் ஆண்டில் ஏறக்குறைய 3 மாதங்களுக்கு ஒருமுறை செய்யும் பரிசோதனையில் இரத்தச் சிவப்பணுக்களின் அளவு கட்டாயம் பார்க்கப்பட வேண்டும். கொழுப்பு, சர்க்கரை அளவுகளையும் கேளுங்கள். உறக்கத்தில் உரத்த குறட்டையோ மூச்சுத் தடையோ இருந்தாலும் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.