ஜெர்மனியில் பிடித்த பணம் வீண்தானா?

கேள்வி: என் மூத்த மகன் சென்னை நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் பி.எஃப். பிடித்தத்துடன் வேலை பார்த்தான். பிறகு ஜெர்மனி நிறுவனம் ஒன்றில் நேரடியாகச் சேர்ந்து நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு, சென்ற ஆண்டு மதுரைக்கே திரும்பிவிட்டான். அங்கே ஓய்வூதியத்துக்குப் பிடித்த பணம் வீண்தானா? இங்கும் பத்தாண்டு நிறையாததால் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். இளையவன் துபாய் செல்லவிருக்கிறான்; அவனுக்கும் வழி உண்டா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: வீண் இல்லை, எடுத்துவிட்டால்தான் வீணாகும். இந்தியாவும் ஜெர்மனியும் செய்துகொண்ட விரிவான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, ஓய்வூதியத் தகுதியைப் பார்க்கும்போது ஒரு நாட்டில் பணம் செலுத்திய காலத்தை மற்ற நாடும் சேர்த்துக்கொள்ளும். ஜெர்மனியில் குறைந்தது 5 ஆண்டு, பி.எஃப்.புடன் இணைந்த நம் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் 10 ஆண்டு என்பது விதி. தனித்தனியே பார்த்தால் தங்கள் மகனுக்கு இரண்டிலும் தகுதி இல்லை. ஆறையும் நான்கையும் கூட்டினால் இரண்டிலும் உண்டு. கூடுவது காலம் மட்டுமே. தொகையை அந்தந்த நாடு தன்னிடம் பணம் வந்த ஆண்டுகளுக்கு மட்டும் கணக்கிட்டு, இங்கே 58 வயதிலும் அங்கே 67 வயதிலும் தனித்தனியாகத் தரும்.

எனவே, வைப்பு நிதித் (பி.எஃப்.) தொகையை அவசியமானால் எடுக்கலாம். ஓய்வூதியப் பங்கைத் தொட வேண்டாம். அந்தப் பங்கை எடுக்க விண்ணப்பிக்கும் 10சி படிவத்திலேயே, பணத்துக்குப் பதிலாக, பணி ஆண்டுகளைப் பதிந்து தரும் திட்டச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஜெர்மனியிலும் பணத்தைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. 60 மாதத்துக்குக் குறைவாகச் செலுத்திவிட்டு நாடு திரும்பிய இந்தியர், 24 மாதம் கழித்து விண்ணப்பிக்கலாம். ஆனால் சம்பளத்தில் 18.6 சதவீதமாகச் சென்ற தொகையில் நிறுவனம் கட்டிய பாதி கிடைக்காது, வட்டியும் கிடையாது, அந்த நான்கு ஆண்டுகளும் கணக்கிலிருந்தே அழிந்துவிடும். அவை அழிந்தால் இங்கே பத்தாண்டுக் கணக்கும் குலையும். கடன் கழுத்தை நெரிக்கும் நிலையில் இருப்பவரைத் தவிர வேறு யாருக்கும் இதை நான் சொல்ல மாட்டேன். அங்கே தந்த ஓய்வூதியக் காப்பீட்டு எண் உள்ள சான்றையும், நிறுவனம் ஆண்டுதோறும் கொடுத்த சம்பளப் பதிவு அறிக்கைகளையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இளைய மகனுக்கு இது பொருந்தாது. ஐக்கிய அரபு அமீரகத்துடன் இந்தியாவுக்கு இத்தகைய ஒப்பந்தம் இல்லை. அங்கே பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். படிகளைக் கூட்டி அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து எழுதினால் பணிக்கொடையும் குறையும் என்பதால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மொத்தத் தொகையோடு அடிப்படைச் சம்பளத்தையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும்.