பையிலேயே காய்த்த மாங்கன்று குட்டை ரகம்தானா?

கேள்வி: மதுரையில் எங்கள் வீட்டின் பின்புறம் 12 அடிக்கு 12 அடி மண் இடம் இருக்கிறது. ஒரு நர்சரியில் இரண்டு காய்கள் தொங்கும் மாங்கன்றைக் காட்டி, “குட்டை ரகம், பையிலேயே காய்த்துவிட்டது பாருங்கள்” என்று சொல்லி, மற்ற ஒட்டுக்கன்றுகளைவிட மூன்று மடங்கு விலை கேட்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: அந்தக் காய்களுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். ஒட்டுக்குச்சி ஏற்கெனவே காய்த்துவரும் மரத்திலிருந்து வெட்டப்படுவதால், எந்த ரகமானாலும் ஒட்டுக்கன்று சிறு வயதிலேயே பூப்பதுண்டு. பின்னாளில் மாடியைத் தாண்டி வளரப்போகும் மரமும் பையில் இருக்கும்போது இப்படிக் காய்க்கக்கூடும். காயைச் சுமக்கும் கன்று வேரும் கிளையும் விடுவதில் பின்தங்கிவிடும் என்பதால்தான், நட்ட முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பூவைக் கிள்ளிவிடச் சொல்கிறார்கள்.

ரகத்தின் பெயரைக் கேளுங்கள். இயல்பிலேயே குட்டையான மா வேண்டுமென்றால் நான் சொல்வது ஆம்ரபாலி. வட இந்திய ரகமான தசேரியையும் நமக்குப் பழக்கமான நீலத்தையும் மகரந்தக் கலப்பு செய்து, புது தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட இந்த ரகம் ஆண்டுதோறும் காய்ப்பது, 2.5 மீட்டர் இடைவெளியில் நெருக்கி நடுவதற்கே பரிந்துரைக்கப்படுவதால், உங்கள் இடத்தில் ஒரு கன்று தாராளமாக நிற்கும். ஆனாலும் அறுவடை முடிந்ததும் ஆண்டுக்கொரு முறை கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தே ஆக வேண்டும். இமாம்பசந்த் போன்ற ரகத்தைக் “குட்டை” என்று விற்றால் நம்பாதீர்கள்.

கன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் ஒட்டுத் தழும்பு தெளிவாகத் தெரிய வேண்டும். அங்கே நாடா இறுகித் தண்டு நெரிந்திருந்தாலும், பையின் அடியில் வேர் சுருண்டு தடித்திருந்தாலும் வேறு கன்றைக் கேளுங்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது வேர்ச்செடியின் (ஒட்டைத் தாங்கும் அடிச்செடியின்) கிளை என்பதால், அதை உடனுக்குடன் கிள்ளிவிடாவிட்டால் நீங்கள் விலை கொடுத்த ரகத்தை அமுக்கிவிட்டு அதுவே மரமாகிவிடும்.

ரகம் மாறியிருப்பது பழம் கண்ட பிறகுதான் தெரியும் என்பதால், “ஆம்ரபாலி ஒட்டு” என்று பெயர் எழுதிய ரசீதை அவசியம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுத்தால், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலோ அரசு தோட்டக்கலைப் பண்ணைகளிலோ இந்த ரகம் இருப்பில் உள்ளதா என்று விசாரித்து, அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.