பெட்டியை ஏற்றியதும் முன்சில்லைக் கவனியுங்கள்

கேள்வி: எங்களிடம் ஒரு டபள் கெப் இருக்கிறது. பின்தட்டில் இரண்டு மீற்றர் நீளத்தில் பிளைவுட்டும் அலுமினியமும் சேர்த்து ஒரு தங்குபெட்டி செய்து, களுவாஞ்சிகுடியிலிருந்து அறுகம்பைக்குப் போய் இரண்டு மூன்று நாள் நின்று வர நினைக்கிறோம். நாங்கள் நாலு பேர். "ஒரு தொன் தாங்கும், தட்டோடு வெல்டிங் பண்ணிவிட்டால் அசையாது" என்கிறார் பட்டறைக்காரர். அவர் சொல்வது சரியா?

பதில்: ஒரு தொன் கணக்கும் பிழை, வெல்டிங்கும் பிழை. ஆனால் யோசனையைக் கைவிட வேண்டியதில்லை.

முதலில் எடை. கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டில் உங்கள் வாகனத்தின் மொத்த எடை எல்லை இருக்கும். அதில் வெறும் வாகனத்தின் எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. ஆட்களும் அதற்குள்தான். உதாரணத்துக்கு எல்லை 2,900 கிலோ, வெறும் வாகனம் 2,000 கிலோ என்றால் மிச்சம் 900. நாலு பேருக்கு 280 போனால் 620. தண்ணீர் 60 லீட்டர் என்றால் 60 கிலோ. பற்றரி, அடுப்பு, சிலிண்டர், ஐஸ் பெட்டி, படுக்கை என்று இன்னொரு 120 வரும். வெறும் பெட்டிக்கு மிஞ்சுவது 440 கிலோ. எட்டுக்கு நாலடி பிளைவுட், 18 மி.மீ. தடிப்பில், ஒரு தகடே 30 கிலோவுக்கு மேல். சுவருக்கு 9 மி.மீ. போதும், தடித்த பலகையைத் தரைக்கு மட்டும் போடுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம், அந்த எடை எந்த இடத்தில் உட்காருகிறது என்பது. டபள் கெப்பின் பின்தட்டு ஏறக்குறைய ஒன்றரை மீற்றர்தான். இரண்டு மீற்றர் பெட்டி அரை மீற்றர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டொயோட்டா ஹைலக்ஸ் டபள் கெப்பை எடுத்துக்கொள்வோம்: முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 3,085 மி.மீ. 500 கிலோ பாரத்தின் நடுப்புள்ளி பின் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் விழுந்தால், முன்சில்லுகளில் இருந்து சுமார் 49 கிலோ தூக்கப்பட்டு, பின் அச்சில் 549 கிலோ இறங்கும். ஸ்டியரிங் லேசாகும், முன் பிரேக்கின் பிடி குறையும், ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். நாள்பட, குழியில் விழுந்து எழும்பும்போதெல்லாம் கெபினுக்கும் தட்டுக்கும் இடையில் சேசி, அதாவது வாகனத்தின் அடிச்சட்டம், வளையத் தொடங்கும்.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். லொறி நிறுக்கும் தராசு உள்ள அரிசி ஆலை ஒன்றுக்குப் போங்கள். சம்மாந்துறைப் பக்கம் ஆலைகளுக்குக் குறைவில்லை. டாங்கி நிறைய எண்ணெயோடு, பெட்டியில்லாமல், முன்சில்லுகளை மட்டும் தராசில் ஏற்றி ஓர் எடை, முழு வாகனமும் ஏறி இன்னோர் எடை. பிறகு பெட்டி, தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றி அதே இரண்டு எடைகளையும் எடுங்கள். இரு தடவையும் சாரதி மட்டும் இருந்தால் போதும். முன்சில்லு எடை முந்தியதைவிடக் குறைந்திருந்தால், மொத்த எடை எல்லைக்குள் இருந்தாலும் அந்தப் பெட்டியோடு பயணம் வேண்டாம். சமமாக, அல்லது கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும்.

ஆகவே பெட்டியைத் தட்டின் நீளத்துக்கே குறுக்குங்கள். தண்ணீர்த் தாங்கியும் பற்றரியும் கெபின் பக்கச் சுவரோடு, தரையில் இருக்கட்டும். கால் நீட்டப் பின்கதவுக்கு வெளியே தார்ப்பாய் இழுத்துக் கட்டலாம்.

பின்பக்கம் தாழ்கிறதென்று ஸ்பிரிங் பிளேட் கூட்டச் சொல்வார்கள். அதனால் தகட்டில் உள்ள எல்லை கூடிவிடாது. பல கெப்களில் பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உண்டு. ஸ்பிரிங்கை உயர்த்திவிட்டால், பாரம் இருந்தும் அது வெறும் வாகனமென்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். ரயரின் பக்கத்தில் உள்ள பார எண்ணையும் பாருங்கள்: 112 என்றால் ஒரு ரயர் 1,120 கிலோ, 106 என்றால் 950.

வெல்டிங் ஏன் கூடாது? தட்டின் தகடு மெல்லியது. ஓடும்போது அது முறுகும்; ஒட்டிய இடத்தின் ஓரம் வெடிக்கும். பெயின்ற் எரிந்த இடத்தில் நம் கடற்காற்று சீக்கிரம் துருவை ஏற்றும். நிரந்தரமாக ஒட்டுவது உடலமைப்பை மாற்றுவதும் ஆகும். அதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

கட்டுவதைச் சேசியில் கட்டுங்கள். தட்டைச் சேசியோடு இணைக்கும் போல்ட் இடங்களில் நாலு பிரக்கெட் பொருத்தி, நாலு டேர்ன்பக்கிளால் (திருகி இறுக்கும் கொக்கி) இழுங்கள். முன்னிரண்டும் முன்னோக்கிச் சரிந்து, பின்னிரண்டும் பின்னோக்கிச் சரிந்து இறங்க வேண்டும். சடுதியாகப் பிரேக் பிடித்தால் பாரத்தின் பத்தில் எட்டுப் பங்கு விசை முன்னே தள்ளும், திருப்பத்தில் பாதி பக்கவாட்டில் தள்ளும் என்று கணக்கிடுவது வழக்கம். 500 கிலோவுக்கு அது 400, 250. நைலோன் கயிறு இழுபடும், பழைய ரியூப் வேண்டவே வேண்டாம். பெட்டியைத் தட்டின் முன்சுவரோடு முட்டவைத்து, பக்க இடைவெளியில் மரக்கட்டை அடியுங்கள். பிளாஸ்டிக் விரிப்பு வழுக்கும். அதை எடுத்துவிட்டு ரப்பர் பாய் போடுங்கள். டேர்ன்பக்கிளைக் கையால் இறுக்கி, ஸ்பானரால் இன்னும் கொஞ்சம் திருப்பினால் போதும். பெட்டிச் சட்டம் வளைவது தெரிந்தால் அது அளவு மீறியது. அதிர்வில் தானாகக் கழலும் என்பதால் பூட்டு நட் போட்டு, கல்முனையில் ஒரு தடவை, அக்கரைப்பற்றில் ஒரு தடவை இறங்கிப் பாருங்கள்.

அக்கரைப்பற்றுக்குத் தெற்கே கவனம் கூடுதலாக வேண்டும். அறுகம்பைக்குப் போகும் காலமும் கச்சான் காற்று வீசும் காலமும் ஒன்றுதான். திருக்கோவில், கோமாரி வழியாகப் பாதை வடக்குத் தெற்காக ஓட, காற்று மேற்கிலிருந்து பெட்டியின் பக்கச் சுவரில் அடிக்கும். போகும்போது வலப்பக்கம் திருப்பிப் பிடித்திருப்பீர்கள். எதிரே ஒரு பஸ் வந்து காற்றை மறைத்த கணத்தில் வாகனம் பஸ் பக்கம் சாயும். வரும்போது இன்னும் மோசம், காற்றே உங்களை எதிர்ப்பாதைக்குத் தள்ளும். 50 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டாதீர்கள்.

ஓடும்போது பெட்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது, பிள்ளைகள் கேட்டாலும். பின்கதவு இடுக்கால் புகை உள்ளே இழுபடும். அதிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. சமையல் வாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் அறைக்குக் காற்றுத் துளையைத் தரைமட்டத்தில் வையுங்கள், புறப்படுமுன் வால்வை மூடுங்கள். பெட்டியோ தார்ப்பாயோ பின்விளக்கையும் இலக்கத்தகட்டையும் மறைக்கக் கூடாது.

அங்கே பெட்டியை ஜக்கில் இறக்குவதானால் மணலில் நேரே ஊன்றாதீர்கள். ஒவ்வொரு காலின் கீழும் ஓரடி அகலப் பலகை வைத்து, நாலையும் மாறி மாறி, ஒரு தடவைக்கு இரண்டு விரல் உயரம் மட்டும் தூக்குங்கள். ஒரு கால் புதைந்தால் பெட்டி அந்தப் பக்கமே சரியும்; அப்போது அதன் கீழே யாருடைய கையும் இருக்கக் கூடாது.