எந்த றெசின் நல்லது என்று கேட்பவருக்கு, வெடித்துப்போன ஒரு தலையின் கதை

களிமண்ணில் செய்த சிறிய உருவங்களையும் ஒரு மார்பளவுச் சிலையையும் றெசினில், அதாவது ஊற்றியபின் கல்லாக இறுகும் செயற்கைப் பிசினில், வார்க்க விரும்புவதாகவும், யாழ்ப்பாணத்தில் கிடைப்பவற்றுள் எது நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடையில் விசாரித்தபோது "எல்லாம் ஒண்டுதான்" என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். றெசினின் பெயரைக் கேட்பதற்கு முன்னர், உங்கள் வார்ப்பு எவ்வளவு தடிப்பாக இருக்கப்போகிறது, அது வீட்டுக்குள் நிற்குமா வெயிலில் நிற்குமா என்ற இரண்டையும் முடிவு செய்துகொள்ளுங்கள். நான் முடிவு செய்யாமல் இறங்கியதனால் ஒரு சிலையையும் ஓர் அச்சையும் ஒரே மத்தியானத்தில் இழந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு பாடசாலையின் பழைய அதிபருக்கு மார்பளவுச் சிலை செய்து கொடுத்தேன். படகுக்குப் பூசும் அதே பொலியெஸ்ரர் றெசினும் கண்ணாடி இழைப் பாயும் கொண்டு, உள்ளே வெறுமையாக, முறைப்படிதான் செய்திருந்தேன். பார்க்க வந்த குழுவில் ஒரு பெரியவர் முகத்தைப் பார்க்கவில்லை, விரல் முட்டியால் நெற்றியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இதென்ன தம்பி, பிளாஸ்ரிக் வாளி மாதிரிக் கேக்குது?" என்றார். பேசிய தொகையில் ஒரு பகுதி அந்த இரண்டு தட்டிலேயே குறைந்தது. என் தந்தையார் கோபுரங்களுக்குச் சீமெந்தில் பொம்மை செய்தவர். ஆகையால் சீமெந்து வேலையை நான் தாழ்த்திப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். ஆயினும் பாரம்தான் சிலையின் தரம் என்ற எண்ணம் எம்மவரிடம் இன்னும் போகவில்லை என்பதை அன்று கண்டேன்.

அந்த ரோசத்தில், அடுத்து வந்த வேலையை முழுத் திண்மமாக வார்ப்பது என்று தீர்மானித்தேன். தலையும் கழுத்தும் மட்டுமே. ஏறக்குறைய ஆறு கிலோ றெசின். சித்திரை மாத வெயில், தகரக் கூரைக் கொட்டில், போத்தல் மூடியால் அளந்த ஹாட்னர், அதாவது றெசினை இறுகவைக்கும் திரவம். ஊற்றிக் கால் மணி நேரத்தில் றெசின் கூழாகி இறுகியது. அதன் பின் அச்சின் வெளிப்புறத்தில் கை வைக்க முடியாத சூடு ஏறி, கண்ணை எரிக்கும் புகை எழும்பி, அடுப்பில் விழுந்த புளியங்கொட்டை வெடிப்பதுபோல உள்ளே இரண்டு முறை சத்தம் கேட்டது. ஆறிய பின் திறந்தால், இடது காதிலிருந்து நாடி வரை விரல் நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. கொழும்பிலிருந்து எடுப்பித்த சிலிக்கன் அச்சு மூக்குப் பகுதியில் கருகி, றெசினோடு ஒட்டிக்கொண்டு கிழிந்தது.

குருநகரில் படகு பழுதுபார்க்கும் ஒருவரிடம் அந்தத் தலையைக் கொண்டுபோய்க் காட்டினேன். "தம்பி, படகின்ர அடிக்கே நாங்கள் ஒரே மூச்சில தடிப்பாப் போடமாட்டம். நீர் ஒரு தலையை முழுசா ஊத்திப்போட்டு வெடிச்சதெண்டு வாறீர்" என்றார். நான் இரசாயனம் படித்தவனல்லன். எனினும் காரணம் எளிதானது. பொலியெஸ்ரர் இறுகும்போது தானே சூட்டை உண்டாக்குகிறது. மெல்லிய படையில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். தடித்த வார்ப்பின் நடுவில் அதற்கு வழியில்லை, நூறு பாகையையும் தாண்டும். அத்துடன் இந்த றெசின் இறுகுகையில் கனவளவில் 5 முதல் 8 வீதம் வரை சுருங்கும். வெளிப்புறம் முன்னரே கல்லாகிவிட்டபின் உட்புறம் சுருங்கினால் வெடிக்காமல் என்ன செய்யும்?

இரண்டாம் முறை, முதலில் ஜெல்கோட் என்னும் மேற்பரப்பு றெசின் ஒரு பூச்சு, அதன்மேல் சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள பாயில் இரண்டு படை என்று ஓடு போல் செய்தேன். பாரத்துக்காக, நன்றாகக் கழுவி முற்றாகக் காயவைத்த மணலை றெசினோடு குழைத்து, ஒவ்வொரு கோப்பையாக, முன்னையது ஆறிய பின்னரே உள்ளே அப்பினேன். மணல் சூட்டையும் வாங்கிக்கொண்டது, சுருக்கத்தையும் குறைத்தது. ஹாட்னரை 100 கிராம் றெசினுக்கு 1 கிராம் என்று சிறிஞ்சால் அளந்தேன். 2 கிராமுக்கு மேல் நான் போவதில்லை. தட்டினால் இப்போது கல்போலத்தான் கேட்கிறது. உங்கள் மார்பளவுச் சிலை வெளியில் நிற்பதானால் இந்த முறையையே சொல்வேன்.

சிறிய உருவங்களுக்கு எப்பொக்சி என்னும் வேறு வகை றெசின் நல்லது. சுருக்கம் மிகக் குறைவு, விரல் ரேகைகூட அப்படியே வரும். ஆனால் பொலியெஸ்ரரில் செய்வதுபோல ஹாட்னரைக் கூட்டிக் குறைக்க இடமில்லை. இரண்டு பகுதியும் ஒன்றோடொன்று இணைந்துதான் பொருளாகிறது, விகிதம் பிசகினால் ஒரு மாதம் கழித்தும் பிசுபிசுக்கும். வெயிலில் வைத்தால் மஞ்சளாகும். மூன்றாவது வகையான பொலியூறித்தேன் றெசின் சில நிமிடங்களில் இறுகும், கைக்கும் இலகு. ஆனால் ஈரத்தோடு சேர்ந்தால் வாயுவை உண்டாக்கிக் குமிழி குமிழியாகப் பொங்கும். எங்கள் மாரிக் காலத்தில் திறந்த தகரத்தை மறு வாரம் நம்ப முடியாது.

அச்சு பற்றி ஒன்று. மூல உருவத்தைப் பிளாஸ்ரிசீன் என்னும் எண்ணெய்க் களிமண்ணில் செய்திருந்தால், அதில் கந்தகம் உண்டா என்று பாருங்கள். கந்தகம் பட்ட இடத்தில் பிளாற்றினத்தால் இறுகும் வகைச் சிலிக்கன் இறுகவே மாட்டாது. பனங்களி போலக் கையோடு வரும். வெள்ளீயத்தால் இறுகும் தகர வகைச் சிலிக்கன் அவ்வளவு முரண்டு பிடிக்காது, நாளடைவில் சிறிது சுருங்கும், அவ்வளவுதான்.

பெரிய பீப்பாவிலிருந்து சிறு போத்தல்களில் ஊற்றி, பெயரும் திகதியும் எழுதாமல் விற்கும் வழக்கம்தான் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம். பொலியெஸ்ரருக்கு இரண்டு சேர்மானங்கள் உண்டு: இறுகுவதை விரைவாக்கும் ஊதா நிறக் கோபாற்றுத் திரவம், நிறமற்ற ஹாட்னர். இரண்டையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றினால் தீப்பற்றும், வெடிக்கும். கோபாற்றை முதலில் றெசினில் கலக்கிய பிறகே ஹாட்னரைச் சேர்க்க வேண்டும். ஹாட்னர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். துணி முகமூடி தூசைத்தான் மறிக்கும், றெசின் ஆவியை மறிக்காது. எனக்கு விற்றவர் இரண்டையும் ஒரே மாதிரிப் போத்தலில், ஒரே பையில் போட்டுத் தந்தார். இப்போது என் கொட்டிலில் ஒன்று வாசல் பக்கத் தட்டிலும் மற்றது கிணற்றடிச் சுவரோரத் தட்டிலும் இருக்கின்றன. இரண்டிலும் சிவப்பு மையால் பெயர் எழுதியிருக்கிறேன்.