கழுத்தில் கட்டிய நெறிக்கு வலி மாத்திரையா காரணம்?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா, வணக்கம். என் மாமியாருக்கு வயது 61. சுங்கை சிப்புட்டுக்கு அருகில் உள்ள செம்பனைத் தோட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உதிரிப்பழம் பொறுக்கியவர். முதுகுவலிக்காக ஐந்து மாதமாக டிரமடோலும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை சாப்பிட்டு வருகிறார். இனிப்பு நீரும் (நீரிழிவு) உண்டு. மூன்று வாரத்திற்கு முன் இடது பக்கக் கழுத்தில் கொட்டைப்பாக்கு அளவில் நெறி கட்டியது. இன்னும் வடியவில்லை, வலிக்கவே இல்லை என்கிறார். இந்த வகை மாத்திரை நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து நெறிகளில் கிருமித் தொற்றைக் கொண்டுவரும் என்று என் கணவர் எங்கோ படித்துவிட்டு, இன்றோடு மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா தம் வீட்டில் மீந்திருந்த ஆண்டிபயாட்டிக்கைக் கொடுத்திருக்கிறார். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாரமே மாமியாரை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று அந்த நெறியை மருத்துவர் கையால் தொட்டுப் பார்க்கும்படி செய்யுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்; அடுத்த வீட்டு ஆண்டிபயாட்டிக்கைத் தொடவும் வேண்டாம்.

நெறி என்று நாம் சொல்வது நிணநீர்க் கணு. உடலில் இவை ஏறக்குறைய 600 இருக்கின்றன. அந்தந்தப் பகுதியிலிருந்து வடிந்து வரும் நிணநீரை வடிகட்டி, அதில் வரும் கிருமியை அடையாளம் கண்டு எதிர்ப்பதே இவற்றின் வேலை. காலில் முள் குத்திப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பது நம் பாட்டிமாருக்குப் பாடம் படிக்காமலே தெரிந்திருந்தது. ஆகவே நெறி வீங்கினால், அது எந்தப் பகுதியின் நீரை வடிக்கிறதோ அந்தப் பகுதியில் காரணத்தைத் தேட வேண்டும். கழுத்து நெறி என்றால் பல், ஈறு, தொண்டை, காது, தலைத்தோல் ஆகியவற்றைப் பார்க்கிறோம். மாமியார் வாயைத் திறந்து காட்டினால், சொத்தைப் பல் ஏதும் இருக்கிறதா என்று நீங்களே இன்றிரவு விளக்கடித்துப் பார்த்துவிடலாம்.

இனி உங்கள் கணவர் படித்த செய்திக்கு வருகிறேன். அது முழுக்கப் பொய்யல்ல. டிரமடோல், கோடீன், மார்ஃபின், ஃபென்டானில் முதலிய அபின் வகை வலி மருந்துகள் நரம்புகளில் எந்த ஏற்பிகளை (மருந்து வந்து ஒட்டும் இடங்களை) பற்றிக்கொண்டு வலியைக் குறைக்கின்றனவோ, அதே வகை ஏற்பிகள் கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களிலும் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிலும் செய்த சோதனைகளில், மார்ஃபின் இந்த அணுக்களின் வேகத்தைக் குறைப்பது பலமுறை காணப்பட்டிருக்கிறது. டிரமடோலிடம் அந்தக் குணம் குறைவாகவே தென்பட்டிருக்கிறது. மனிதர்களைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் அரசு மருத்துவக் காப்பீடு பெற்றவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நுரையீரல், இரத்தம், மூளையுறை ஆகியவற்றைத் தாக்கும் நியூமோகாக்கஸ் கிருமியின் கடுமையான தொற்று, அபின் வகை மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் ஏறத்தாழ 1.6 மடங்கு அதிகமாகக் காணப்பட்டதாக அது கூறியது. நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்தையும் அதிக அளவையும் எடுத்தவர்களிடம் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது.

ஆனால் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். கடும் வலி மருந்து தேவைப்படுபவர் பெரும்பாலும் வேறு நோய்களாலும் தளர்ந்தவராக இருப்பார் என்பதால், தொற்றில் மருந்தின் பங்கு எவ்வளவு, நோயின் பங்கு எவ்வளவு என்று இத்தகைய ஆய்வில் முழுமையாகப் பிரித்துவிட முடியாது. அது ஆராய்ந்த தொற்றும் நெறியில் வருவதன்று. மருந்து எதிர்ப்பைச் சிறிது தளர்த்தலாம் என்பதுவரை ஒப்புக்கொள்ளலாம். டிரமடோல் சாப்பிட்டதால் கழுத்தில் நெறி கட்டியது என்று சொல்ல அதிலிருந்து வழியில்லை. நேர்மையாகச் சொன்னால், உங்கள் மாமியாரின் விஷயத்தில் டிரமடோலை விடக் கட்டுப்படாத இனிப்பு நீரே தொற்றுக்குப் பெரிய வாசல். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நம் மலேசிய நாட்டுப் பெரியவர்களில் 100க்கு 18 பேருக்கு மேல் இனிப்பு நீர் இருப்பது தெரியவந்தது; இந்தியரிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது அந்த மாத்திரையின் வேறொரு குணம். அது நோயின் அறிகுறிகளை மூடி வைக்கிறது. டிரமடோல் வலியை அடக்குகிறது. அதே மாத்திரையில் உள்ள பாராசிட்டமால் காய்ச்சலை இறக்குகிறது. போதாக்குறைக்கு, டிரமடோலால் வியர்ப்பதும் உண்டு என்பதால், கழுத்தில் நெறி கட்டவைக்கும் காசநோயில் இரவில் உடம்பு நனைய வியர்ப்பதை "மாத்திரை வியர்வை" என்று வீட்டார் ஒதுக்கிவிடக்கூடும். "வலிக்கவே இல்லை" என்ற உங்கள் வரி எனக்கு ஆறுதல் தரவில்லை. வலி மாத்திரை எடுப்பவருக்கு வலி இல்லாததைக் கணக்கில் சேர்க்க முடியாது. தவிரவும் கழுத்தில் வரும் காசநோய் நெறி இயல்பாகவே பெரும்பாலும் வலிக்காது. மெல்ல வளர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, பிறகுதான் இளகி உடையும்.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த குலை வெட்டும் தொழிலாளி ஒருவரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். இடுப்பு வலிக்கு இதே மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு ஒரு வாரமாக வேலைக்கும் போய் வந்தவர். தலை கனக்கிறது, தொடையிடுக்கில் ஏதோ உருள்கிறது என்று மட்டும் சொன்னார். காய்ச்சல் இல்லை என்று சாதித்தார். மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. கால்சட்டையின் இடுப்புப் பட்டி அழுத்தும் இடத்தை விலக்கிப் பார்த்தபோது, சுருட்டால் சுட்டது போல, நடுவில் கருத்த பொருக்கும் சுற்றிலும் சிவந்த வளையமுமாக ஒரு புண் இருந்தது. அது வலிக்கவில்லை, அவரும் அதைப் பார்த்ததில்லை. அந்தப் புண்ணை வைத்தே அது ஸ்க்ரப் டைஃபஸ் எனும் உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்தது. புல்லிலும் புதரிலும் இருக்கும் மிகச் சிறிய பூச்சி கடிப்பதால் வருவது. கடித்த இடத்திற்கு அருகிலுள்ள நெறி முதலில் வீங்கும். டாக்சிசைக்ளின் என்ற ஆண்டிபயாட்டிக் தொடங்கிய இரண்டாம் நாள் அவர் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டார். நம் தோட்டப்புறங்களுக்கு மிகப் பழைய நோய் இது. இதற்குக் குளோராம்ஃபெனிகால் என்ற இன்னொரு ஆண்டிபயாட்டிக் பலன் தருவது கோலாலம்பூரில் 1948இல் நடந்த சோதனையில்தான் நிறுவப்பட்டது. அவருடைய நெறிக்கு வலி மாத்திரை காரணமில்லை. ஆனால் காய்ச்சல் தெரியாமல் ஒரு வாரம் போனதற்கு அதுவே காரணம்.

கிளினிக்குக்குப் போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். முடிந்தால் காலை மாத்திரைக்கு முன்பே உடல் வெப்பத்தை அளந்து எழுதி வையுங்கள். எடை குறைந்ததா, இருமல் உண்டா, வீட்டிலோ லயத்திலோ யாருக்காவது காசநோய் இருந்ததா என்று கேட்பார்கள். மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, நெறியில் மெல்லிய ஊசியால் சிறிது எடுத்துப் பார்ப்பது ஆகியவை தேவைப்படலாம். ஊசி என்றதும் மாமியார் அஞ்சக்கூடும். இரத்தம் எடுப்பதைவிட அதிகமாக அது வலிப்பதில்லை. கல் போல இறுகி, அசையாமல், காறை எலும்புக்கு மேலே இருக்கும் நெறியாக இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அங்கே புற்றுநோயையும் நினைக்க வேண்டியிருக்கிறது. குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான்.

மீந்த ஆண்டிபயாட்டிக்கை ஏன் மறுக்கிறேன் என்றால், அரைகுறையாகச் சாப்பிட்ட மருந்து கிருமியைக் கொல்லாமல் பரிசோதனையில் மட்டும் மறைத்துவிடும். காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாத மருந்து வேண்டும். ஐந்து நாள் மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. சுண்ணாம்புப் பற்று தோலைப் பொத்துவிடும், இனிப்பு நீர்க்காரருக்கு அந்தப் புண் ஆறுவதும் சிரமம். டிரமடோலைத் திடீரென நிறுத்தினால், ஐந்து மாதம் பழகிய உடம்பில் நடுக்கம், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் வரலாம். குறைக்க வேண்டுமானால் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். இதற்கிடையில் கூடுதலாகப் பெனடோல் (பாராசிட்டமால்) போடாதிருக்கட்டும்; அவர் சாப்பிடும் மாத்திரையிலேயே அது இருக்கிறது.

கேள்வி: ஐயா, என் அண்ணனுக்கு வயிற்றில் புற்றுநோய். மருத்துவமனையில் மார்ஃபின் திரவம் கொடுத்திருக்கிறார்கள். அது குடலிலிருந்து கிருமியை நெறிகளுக்கு அனுப்பிவிடும் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து அண்ணி பாதி அளவுதான் கொடுக்கிறார். அண்ணன் இரவெல்லாம் முனகுகிறார். கொடுக்கலாமா, கூடாதா?
- ஓய்வு பெற்ற கிராணி ஒருவர், அதே வட்டாரம்

பதில்: கொடுங்கள் ஐயா. மருத்துவர் எழுதிய முழு அளவையும், எழுதிய நேரத்தில் கொடுங்கள். உங்கள் உறவினர் சொன்னதற்கு மூலம் உண்டு: மார்ஃபின் கொடுத்த எலிகளில் குடல் சுவரின் தடுப்பு தளர்ந்து, கிருமிகள் குடலை ஒட்டிய நெறிகளுக்கும் ஈரலுக்கும் போய்ச் சேர்ந்ததாக 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அது எலிகளில் கண்டது. அதை வைத்து வலியில் துடிக்கும் மனிதரின் மருந்தைப் பாதியாக்க எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். அடங்காத வலியும் உடம்பின் எதிர்ப்பைக் குலைக்கிறது. தூக்கத்தையும் உணவையும் கெடுக்கிறது. மார்ஃபினால் பெரும்பாலானோருக்கு வரும் தொல்லை மலச்சிக்கல். அதற்கான மருந்தையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், புதிதாக வீங்கிய நெறி, எழுப்பியும் எழாத உறக்கம், மூச்சு மிக மெதுவாவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அண்ணி அச்சத்தால்தான் குறைத்திருக்கிறார், அன்பில்லாமல் அல்ல. அவரிடம் கடிந்து பேசாமல் இந்தப் பதிலைப் படித்துக் காட்டிவிட்டு, இன்றிரவு மருந்தை நீங்களே அளந்து ஊற்றிக் கொடுங்கள்.